கயாவில் விட்டது

"வண்டியை வித்துடலாம்னு இருக்கேன்" என்றாள் சரசா.

ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்த மகாதேவனின் கை அப்படியே நின்றது.

"எந்த வண்டியை?"

"நம்மாத்துல என்ன ரயிலா ஓடறது? என் ஸ்கூட்டியைத்தான். கீழாத்து இருதயராஜ்கிட்ட சொல்லியாச்சு. அவர் பொண்ணு வைஷுவுக்குக் காலேஜ் போறதுக்கு வேணுமாம். தசராவன்னிக்குப் பூ சுத்திப் பூஜை போட்டு எடுத்துண்டு போகட்டும்."

"அப்போ உன் ட்யூஷன்?"

"அதுவும் அதோட சரி."

உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவர் தட்டில் தயிரை விட்டாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மகாதேவனுக்குத் தயிர் சாதம் இறங்கவில்லை. அந்த வண்டி சாதாரண வண்டியா? புனேயில் பெண்களுக்கு ஸ்கூட்டி என்பது வண்டி இல்லை, இன்னொரு ஜோடிக் கால். முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, கொள்ளைக்காரி மாதிரி கிளம்புவாள் சரசா. வானவடியில் ராணுவக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அங்கே அவளுக்குப் பெயரே 'கணித் ஆன்ட்டி'. கர்னல் பிள்ளையானாலும் சரி, கிளார்க் பிள்ளையானாலும் சரி, பின்னக் கணக்கில் தப்புப் பண்ணினால் ஒரே திட்டுத்தான். அவள் வண்டியை விற்கிறேன் என்றால், இனிமேல் வாசலைத் தாண்டப் போவதில்லை என்று அர்த்தம்.

காரணம் அவருக்குத் தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் கரைத்த மறுவாரம் பாத்திமா நகர் சிக்னலில் விழுந்துவிட்டாள். எவனும் இடிக்கவில்லை. சிவப்பு விழுந்தது, வண்டியை நிறுத்தினாள், இடது காலை ஊன்றினாள், மூட்டை சாய்கிற மாதிரி அப்படியே சாய்ந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்தது, வேறொன்றும் இல்லை. அதற்குப் போய் வண்டியை விற்பார்களா?

ஏன் விழுந்தாள்?

இந்த 'ஏன்' மகாதேவனுக்கு வயிற்றுப் பிழைப்பு. போசரியில் ஒரு பல்சக்கரத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுக்கு அவர்தான் தலை. சக்கரத்தில் ஒரு பல் கோணலாக வந்தால் மற்றவர்கள் சட்டென்று ஆளைத் திட்டிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு பதிலைச் சொன்னால் அதற்கு ஒரு ஏன். அதற்கும் பதில் சொன்னால் இன்னொரு ஏன். கடைசியில் எங்கேயோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கும். பையன்கள் அவருக்கு ஹிந்தியில் 'க்யூன் சாப்', அதாவது 'ஏன் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவருக்கு அது தெரியும், பிடிக்கும்கூட.

அடுப்படிக்குப் போனார்.

"சரசா, அன்னிக்கு ஏன் விழுந்தே?"

"விழுந்தேன். அவ்வளவுதான்."

"பள்ளம் இருந்துதா?"

"இல்லை."

"எண்ணெய், மண்ணு ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை."

"அப்போ ஏன்?"

"ஏன்னா, நான் என்ன உங்க பேக்டரியில வந்த கியரா? கோணலாப் போயிடுத்து, தூக்கிப் போடுங்கோ. இதுக்கு மேல என்னைத் தொந்தரவு பண்ணாதேங்கோ."

கரண்டி சிங்க்கில் விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இதுவும் புதுசு. சரசா கோபக்காரிதான், ஆனால் அவள் கோபத்தில் சிரிப்பு கலந்திருக்கும். இப்போது கொஞ்ச காலமாகச் சிரிப்பை எடுத்துவிட்டு வெறும் கோபத்தை மட்டும் பரிமாறினாள்.

பெங்களூரில் இருக்கும் மகள் ப்ரீதிக்குப் போன் போட்டார். அவள் தமிழ் கொஞ்சம் நொண்டும்.

"அப்பா, இது க்ளியர் கேஸ் பா. அம்மாக்கு டிப்ரெஷன். நானும் அங்க இல்ல, அம்மாக்கு லோன்லியா ஆயிருக்கு. ஒரு மெடிடேஷன் ஆப் அனுப்பறேன், மார்னிங் ஈவ்னிங் பண்ணச் சொல்லு."

"அதைப் பண்ணினா சிக்னல்ல விழ மாட்டாளா?"

"அப்பா, எவ்ரிதிங் மைண்ட் பா. மைண்ட் சரியா இருந்தா பாடி தன்னால சரியா இருக்கும்."

இருக்கலாம். பெண் படித்தவள், தப்பாகச் சொல்ல மாட்டாள். ஆனால் தொழிற்சாலையிலும் எல்லோரும் முதலில் இதையேதான் சொல்வார்கள்: ஆளுக்குக் கவனம் போதாது சார். முதலில் வருகிற பதிலை மகாதேவன் எப்போதும் ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுவார். விரட்ட மாட்டார், உட்கார்ந்திருக்கட்டும். அடுத்தது என்ன என்று பார்ப்பார்.

பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சரசா முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் போட்டாள். இன்னொரு கை சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடியதும் உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடியது, அலையில் நிற்கிற படகு மாதிரி. கண்ணைத் திறந்ததும் ஆட்டம் நின்றது.

இது என்ன வேடிக்கை என்று நினைத்தார். கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொரு நாள் ரசம்.

"சரசா, ரசத்துல மிளகு போட மறந்துட்டியா?"

"மறக்கலை. வேணும்னுதான் போடலை."

"ஏன்?"

"நாக்கு எரியறது. காரம் பட்டா நெருப்பு பட்ட மாதிரி இருக்கு."

"எத்தனை நாளா?"

"ஆரம்பிச்சுட்டேளா? ரசத்தைக் குடிங்கோ."

குடித்தார். வெந்நீரில் புளி கரைத்த மாதிரி இருந்தது. கால், கண், நாக்கு. மூன்றும் மூன்று மூலையில் இருக்கின்றன. இதை எல்லாம் கோர்க்கிற நூல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தலை குடைந்தது. கம்பெனி பஸ்ஸில் போசரிக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை. பக்கத்து சீட்டு ரவிச்சந்திரன், "என்ன சார், எந்தக் கியரு மாட்டிக்கிச்சு?" என்று கேட்டபோது, "பழைய மாடல்யா, கேட்லாக் கிடைக்கலை" என்றார்.

நவராத்திரி பிறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை இருதயராஜ் வண்டியைப் பார்க்க வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவர். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"சார், வண்டி நல்லா பொன்னு மாதிரி வச்சிருக்காவ அக்கா. ஏன் விக்கியாவ?"

"அதைத்தான் நானும் கேட்டுண்டிருக்கேன்" என்றார் மகாதேவன்.

"நீங்க வேண்டாம்னு சொன்னியன்னா நான் வாங்கல சார். அப்புறம் எனக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வரக் கூடாது, பாத்துக்கிடுங்க. ஆனா எம்புள்ள ஒரு வாரமா இந்த வண்டியத்தான் கனவு காணுகா."

அப்போதுதான் சரசா கேட்டுக்குள் நுழைந்தாள். கையில் காய்கறிப் பை. தெருமுனை பாஜிக்காரனிடமிருந்து வருகிறாள். "என்ன இருதயராஜ், பிடிச்சிருக்கா? ப்ரேக்கை மாத்திக்கோங்கோ" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். மகாதேவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தைப் பார்த்தார்.

வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் இல்லை.

கேட்டிலிருந்து படிக்கட்டு வரைக்கும் சரளைக் கல் கொட்டி வைத்திருந்தார்கள், குழாய் பதிக்கத் தோண்டிய இடம். அந்தக் கூர்க்கல்லின்மேல் வெறுங்காலை வைத்து, ஏதோ மெத்தையில் நடக்கிற மாதிரி நடந்து வந்தாள். முகம் ஒரு சுளிப்புச் சுளிக்கவில்லை.

"சரசா, உன் செருப்பு எங்கே?"

"கால்ல."

"ஒண்ணுதானே இருக்கு?"

குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். இருதயராஜ், "நான் போயி பாத்து எடுத்துட்டு வாரேன்" என்று கிளம்பிப் போனார். செருப்பு பாஜிக்காரனின் தள்ளுவண்டிக்குப் பக்கத்திலேயே கிடந்ததாம்.

வீட்டுக்குள் வந்ததும் சரசா சோபாவில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது அபூர்வம். என்ன செய்வது என்று தெரியாமல் பாதத்தைத் துடைத்துவிட்டார். உள்ளங்காலில் கல் கிழித்து ரத்தம் கசிந்திருந்தது.

"வலிக்கறதா?"

"இல்லைன்னா. அதுதான் பயமா இருக்கு. கால் ரெண்டும் பஞ்சு சுத்தின மாதிரி இருக்கு. தரை எங்கே இருக்குன்னே தெரியலை. பார்த்தாத்தான் தெரியறது."

"ஏண்டி சொல்லலை?"

"என்னன்னு சொல்ல? காலோட போச்சுன்னா சொல்லியிருப்பேன். அன்னிக்கு மேஜர் பொண்ணுக்குப் பின்னக் கணக்கு சொல்லிண்டிருக்கேன். கீழே இருக்கற எண்ணுக்கு என்ன பேருன்னு வாயில வரலை. தமிழ்லயும் வரலை, இங்கிலீஷ்லயும் வரலை. அந்தக் குழந்தை, 'ஆன்ட்டி, டினாமினேட்டர்'ன்னு எடுத்துக் குடுக்கறது. நான் அதுக்குச் சொல்லிக் குடுத்த வார்த்தை!" மூக்கை உறிஞ்சினாள். "எங்க சித்தி கடைசியில எப்படி இருந்தா, தெரியுமோல்லியோ? சொந்தப் பிள்ளையைப் பார்த்து நீ யாருன்னு கேட்டா. எனக்கும் மூளை கலங்கறது. நடுரோட்டுல விழுந்து அடுத்தவாளையும் சேர்த்துக் கொல்றதுக்கு முன்னாடி நானே நிறுத்திக்கறேன். அதுக்குத்தான் வண்டியை வேண்டாங்கறேன். போறுமா உங்க ஏன்?"

போதவில்லை. மகாதேவனுக்கு நெஞ்சு கனத்தது வாஸ்தவம். ஆனால் கனத்த நெஞ்சுக்குள்ளேயும் ஒரு மூலையில் அந்தக் 'க்யூன் சாப்' எழுந்து உட்கார்ந்துவிட்டான். மூளை கலங்கினால் பேர் மறக்கும், சரி. உள்ளங்காலில் கல் குத்துவது ஏன் தெரியாமல் போகும்? நாக்கு ஏன் எரியும்?

"நாளைக்குக் குல்கர்ணி டாக்டர்கிட்டப் போறோம்."

"மூளைக்கு அவர் என்ன பண்ணுவார்? சளிக்கும் ஜுரத்துக்கும் பார்க்கறவர்."

"மூளைக்கு இல்லை. காலுக்குக் காட்டலாம். கால் நம்ம கையில இருக்கே, காட்டினாப் போச்சு."

டாக்டர் குல்கர்ணி ஐம்பது வயசு மராட்டியப் பெண்மணி. வீட்டுக்குப் பக்கத்திலேயே கிளினிக். சரசாவை 'காகூ' என்று கூப்பிடுவார், அத்தை மாமிக்குச் சொல்வதைப் போல. ஹிந்தியும் மராட்டியுமாகப் பேச்சு நடந்தது.

"காகூ, காலைச் சேர்த்து வெச்சு நில்லுங்க. கண்ணை மூடுங்க."

மூடினாள். ஆடினாள். மகாதேவன் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"இதேதான்! இதேதான் டாக்டர், சோப்புப் போடறச்சே!" என்றார். தான் கண்டுபிடித்ததை இன்னொருவரும் கண்டுபிடித்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம். அதற்காகச் சரசா முறைத்தாள்.

டாக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஓர் இசைக்கவையை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் தட்டிக் காட்டுகிற அதே இரட்டைக் கம்பி. மேஜையில் தட்டிச் சரசாவின் கணுக்கால் எலும்பில் வைத்தார்.

"என்ன தெரியுது?"

"ஜில்லுன்னு இருக்கு."

"அதிர்வு?"

"என்ன அதிர்வு?"

மகாதேவனால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், ஒரு நிமிஷம், எனக்கு வையுங்கோ." பேண்ட்டை மடித்துவிட்டுக் காலை நீட்டினார். டாக்டர் சிரித்துக்கொண்டே வைத்தார். வண்டு உட்கார்ந்த மாதிரி எலும்பெல்லாம் ரீங்காரம் இட்டது. அவர் சரசாவைப் பார்த்தார். இதுவா உனக்குத் தெரியவில்லை?

போசரியில் போன வருஷம் ஒரு மிஷின் இப்படித்தான் செய்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. ஆளை மாற்றினார்கள், கம்ப்யூட்டரை மாற்றலாம் என்றார்கள். கடைசியில் பார்த்தால் அடியில் இருக்கிற சென்ஸாரின் ஒயர் உரிந்து கிடந்தது. கீழே இருந்து தகவலே வராதபோது மேலே இருப்பது என்ன செய்யும்?

"ஒயர்" என்றார் வாய்விட்டு.

டாக்டர் நிமிர்ந்தார். "கிட்டத்தட்ட அதுதான். காகூ, என்ன சாப்பிடறீங்க? காலையிலேருந்து சொல்லுங்க."

"காபி. கறுப்புக் காபி. ரெண்டு இட்லி. மத்தியானம் சாதம், சாம்பார், காய். ராத்திரி ரசம் சாதம், இல்லைன்னா சப்பாத்தி."

"முட்டை?"

"சிவ சிவா!"

"சரி, பால், தயிர், பனீர்?"

"அதெல்லாம் கயாவுல விட்டாச்சு."

டாக்டரின் பேனா நின்றது. "விட்டாச்சுன்னா?"

சரசா மகாதேவனைப் பார்த்தாள். மகாதேவன் சுவரில் இருந்த கண்பரிசோதனை அட்டையைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னார். காசி, கயா போய் முன்னோர்களுக்குப் பிண்டம் போட்டால், அங்கே ஆலமரத்தடியில் பிடித்தமான ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும். ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை. அப்புறம் ஆயுசுக்கும் தொடக் கூடாது. மகாதேவன் பாகற்காயையும் சப்போட்டாவையும் விட்டார்.

"அவருக்கு ரெண்டும் பிடிக்கவே பிடிக்காது டாக்டர்" என்று சரசா இடைமறித்தாள். "தட்டுல விழுந்தாலே மூஞ்சி ஒரு முழம் நீளும். 'பித்ருக்களையே ஏமாத்தறேளா?'ன்னு கேட்டேன். 'நீ மட்டும் பெரிசா என்னத்தை விட்டுடப் போறே?'ன்னார். அத்தனை பேர் நடுவுல! பிண்டம் போட்டு வைக்கற பண்டா வேற சிரிக்கறான்."

"அதனால?"

"எனக்குப் பால்னா உசிரு. மூணு வேளையும் தயிர் சாதம் போட்டாலும் சாப்பிடுவேன். 'பாலும், பால்ல பண்ற அத்தனையும் விட்டேன்'னு சொல்லிட்டேன். நாலு வருஷம் ஆச்சு."

டாக்டர் சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாத முகத்தோடு இருந்தார். "சர்க்கரை மாத்திரை எத்தனை வருஷமா?"

"அது பத்து வருஷத்துக்கு மேல."

"ரத்தம் குடுத்துட்டுப் போங்க. எனக்குத் தோணறது சரின்னா, பயப்படற விஷயம் இல்லை."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டருக்குத் தோன்றியது சரி. பி-12 என்று ஒரு சத்து. முட்டை, மாமிசம் சாப்பிடாதவர்களுக்கு அது பாலிலும் தயிரிலும்தான் முக்கியமாகக் கிடைக்கிறது. அதைச் சரசா கயாவில் விட்டுவிட்டாள். உள்ளே கொஞ்சநஞ்சம் போவதையும் அந்தச் சர்க்கரை மாத்திரை சரியாக உறிஞ்ச விடவில்லை. சேமித்து வைத்திருந்ததை எல்லாம் உடம்பு நாலு வருஷமாக எடுத்துச் செலவழித்து, இப்போது பானை காலி.

"அது இல்லைன்னா நரம்புக்கு மேல இருக்கற உறை தேயும். கால் மரத்துப் போகும். நாக்கு எரியும். ரத்தம் குறையும், களைப்பு வரும்" என்றார் டாக்டர்.

"என் மூளை?" என்றாள் சரசா. குரல் மெலிந்திருந்தது. "மறதி? காரணமில்லாம கோபம் வரதே, அழுகை வரதே? பொண்ணு சொல்றா, எல்லாம் மனசுன்னு."

"மனசு என்ன காகூ, வேற ஊர்லயா குடியிருக்கு? இதே ரத்தம்தான் அங்கேயும் போகணும். இதே நரம்புதான். உடம்பைப் பட்டினி போட்டா மனசு மட்டும் எப்படிப் பூரியும் ஸ்ரீகண்டும் சாப்பிட்டுட்டு இருக்கும்? பொண்ணு சொன்னது தப்பில்லை. மனசு வாடித்தான் இருந்திருக்கு. ஏன் வாடிச்சுன்னு யாரும் கேட்கலை."

மகாதேவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த டாக்டர் போசரியில் இருக்க வேண்டியவர்.

"சரியாயிடுமா?" என்று கேட்டார்.

"களைப்பு, கோபம், நாக்கு எல்லாம் சீக்கிரம் குறையும். மறதியும் தெளியும்னு நம்பறேன். கால் மட்டும் மெதுவாத்தான் வரும். முழுசா வருமான்னு நான் இப்போ வாக்குக் குடுக்க மாட்டேன். மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க. நாளையிலேருந்து பாலும் தயிரும்..."

"மாட்டேன்."

"காகூ!"

"பித்ருக்களுக்குச் சொன்ன வார்த்தை. இவர் மாதிரி பாகற்காய் இல்லை."

டாக்டர் மகாதேவனைப் பார்த்தார். மகாதேவன் கையை விரித்தார். இந்த இடத்தில் அவர் என்ன சொன்னாலும் வம்பு.

"சரி, ஊசி இருக்கு. முதல்ல தினம் ஒண்ணு, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு, அப்புறம் மாசம் ஒண்ணு. பாலைத் தொடாமலே ஓட்டலாம். ஆனா ஊசியை நிறுத்தவே கூடாது. சம்மதமா?"

சரசா யோசித்தாள். "ஊசியை நான் கயாவுல விடலையே" என்றாள்.

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. எவ்வளவு நாளாயிற்று! மகாதேவனுக்குக் கண் கரித்தது.

தசரா வந்தது. கட்டடத்து வண்டிகளுக்கெல்லாம் சாமந்தி மாலை. இருதயராஜ் தன் பெண்ணோடு வந்தார். வைஷு கையில் பெரிய மாலையாகவே வாங்கி வந்திருந்தாள். ஊசி போட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சரசாவின் முகத்தில் களை வந்திருந்தது, ரசத்தில் மிளகு வந்திருந்தது. கால் மட்டும் இன்னும் பஞ்சுதான்.

"இருதயராஜ், கோவிச்சுக்கப்படாது" என்று சரசா ஆரம்பித்தாள். "வண்டியை இப்போ விக்கலை."

வைஷுவின் முகம் விழுந்தது. மாலை தரையைத் தொட்டது.

"இருடி, முழுக்கக் கேளு. வண்டியை நீ எடுத்துண்டு போ, காலேஜுக்கு ஓட்டு. சாயங்காலம் வந்து என்னைப் பின்னாடி உட்கார வெச்சுண்டு ட்யூஷனுக்குக் கொண்டு விடணும், கூட்டிண்டு வரணும். என் கால் தரையைக் கண்டுபிடிச்சதும் சாவியைத் திருப்பிக் குடுத்துடணும்."

"கண்டுபிடிக்கலைன்னா அக்கா?" என்றார் இருதயராஜ். பட்டாளத்துக்காரர், சுற்றி வளைக்கத் தெரியாது.

சரசா வண்டியின் சீட்டைத் தடவினாள்.

"அப்போ வண்டி வைஷுவுது. தை பிறந்ததும் தெரிஞ்சுடும்."

"ஆன்ட்டி, நான் கொஞ்சம் ஃபாஸ்ட்டா ஓட்டுவேன், ஓகேவா?" என்றாள் வைஷு.

"ஓட்டு, ஓட்டு. நான் இடுப்பைக் கிள்ளுவேன், ஓகேவா?"

அன்றைக்குப் பூஜை முடிந்து மேலே வரும்போது மின்சாரம் இல்லை, லிஃப்ட் நின்றிருந்தது. சரசா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்து ஏறினாள். முதல் மாடித் திருப்பத்தில் மகாதேவன் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்கிறவர் மாதிரி குனிந்தார். இரண்டாவது மாடியில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்.

"ஏன் நின்னுட்டேள்?"

"சும்மாதான்."

"ஏன் மூச்சு வாங்கறது?"

"மாடி ஏறினா வாங்காதா?"

"கால் தெரியாத நானே ஏறிண்டிருக்கேன், எனக்கு வாங்கலை. உங்களுக்கு ஏன் வாங்கறது?" சரசா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பேக்டரியில அளக்கற கருவி இருக்கே, அதையெல்லாம் வருஷா வருஷம் எங்கேயோ அனுப்பி அளவு சரியா இருக்கான்னு பார்க்கறேளே, அதுக்கு என்ன பேரு?"

"காலிபரேஷன்."

"பார்த்தேளா, வார்த்தை எனக்கு மறந்துடுத்து, உங்களுக்கு ஞாபகம் இருக்கு. உங்களைக் கடைசியா எப்போ காலிபரேஷனுக்கு அனுப்பிச்சேள்?"

மகாதேவன் யோசித்தார். ப்ரீதி கல்யாணத்துக்கு முன்னாலா? இன்ஷூரன்ஸுக்காக ஒரு தடவை... அதற்கு அப்புறம்?

"ஏன் போகலை?"

"நேரம் இல்லை."

"ஏன் நேரம் இல்லை? கியருக்கு இருக்கே!"

"ஏதாவது இருக்குன்னு சொல்லிடுவாளோன்னு..."

"ஆங், வந்துடுத்து பாருங்கோ" என்றாள் சரசா, திருகாணியைக் கண்டுபிடித்தவள் மாதிரி. "ரத்தம் குடுக்கறேள். நான்தான் கூட்டிண்டு போவேன். என் வண்டியில."

"உன் வண்டியிலயா? அதுக்குக் கால் வரணுமே!"

"அதுவரைக்கும் சாயங்காலம் என்கூட மைதானத்துல நடந்துண்டிருங்கோ. நீங்க மூச்சைத் தேடுங்கோ, நான் தரையைத் தேடறேன்."

நடந்தார்கள். மார்கழியில் புனேக் குளிர் முழங்காலைப் பிடித்துத் தொங்கும். காது மூடக் குல்லா போட்டுக்கொண்டு நடந்தார்கள். சில நாள் சரசா, "கட்டைவிரல் ஏதோ சொல்றது" என்பாள். மறுநாள், "ஒண்ணும் சொல்லலை, பொய்" என்பாள். மகாதேவன் தினம் காலையில் அவள் கண்ணை மூடி நிற்கும்போது எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்பார். முதலில் பிடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் அவசரம் இல்லை. ஒரு நாள் அவர் கை சும்மாவே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்து, "என்ன, பிச்சையா கேக்கறேள்?" என்றாள்.

குல்கர்ணி டாக்டர் மறுபடியும் இசைக்கவையை வைத்துப் பார்த்தார். "முழுசா இல்லை. ஆனா வருது. பக்கத்துத் தெரு வரைக்கும் ஓட்டிப் பாருங்க, காலியான நேரத்துல. பின்னாடி ஒருத்தர் இருக்கணும்" என்றார்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. மகாதேவனுக்கு ரத்தம் கொடுக்க வேண்டிய நாள். வெறும் வயிறு, காபிகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார். வைஷு சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்கு இதில் இரண்டு மனசு, பாவம்.

சரசா துப்பட்டாவை முகத்தில் சுற்றினாள். கண் மட்டும் தெரிந்தது. வண்டி கிளம்பியது.

சாலை வெறிச்சோடிக் கிடந்தது. திருப்பத்தில் சிக்னல் சிவப்பாக மாறியது. மகாதேவன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி மெதுவாகி நின்றது. சரசா இடது காலை இறக்கினாள். கீழே பார்க்கவில்லை, நேரே சிக்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஒரு இழை சாய்ந்தது, நின்றது.

"தெரியறதா?" என்றார், அவள் தோள்மேல் குனிந்து.

அவள் பாதத்தை ஒரு தடவை அழுத்தி ஊன்றினாள்.

"சரசா, தரை தெரியறதா?"

"ஒரு கல்லு குத்தறது."

"கல்லா?"

"செருப்புக்கடியில. சின்னதுதான். கூரா இருக்கு. வலிக்கறதுன்னா!"

பச்சை விழுந்தது. பின்னால் வந்த ரிக்ஷாக்காரன் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான். சரசா காலைத் தூக்கி வண்டியைக் கிளப்பினாள். அவர் வயிறு பசியில் கத்தியது. அவருக்கோ சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, தோள் குலுங்கி வண்டியே ஆடியது.

"ஆட்டாதேங்கோ, விழுந்துடப் போறோம்! ஏன்னா சிரிக்கறேள்?" என்று கத்தினாள் சரசா, துப்பட்டாவுக்குள்ளிருந்து. "கேக்கறேனோல்லியோ? ஏன்?"